சுவரில்லாத உயிர்

லூர்துமேரி கழுவிய பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அதை அவளையே குடிக்கச் சொன்னார் டாக்டர் அனந்தராமன். 1982 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆராய்ச்சிக்கூடத்தின் இரண்டாம் மாடி நடையில் பதினோரு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேர்தான் என்பதைப் பிற்பாடு ஒவ்வொரு முகமாக நினைவுக்குக் கொண்டுவந்து உறுதிப்படுத்திக்கொண்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா பொன்மலையிலிருந்து மாற்றலாகி ஹைதராபாத்தின் லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். அவள் பிறந்ததும், தெலுங்கில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும், அதே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த சூசைராஜைக் கட்டிக்கொண்டதும் எல்லாம் லாலாகூடாவில்தான். தார்நாகாவுக்கு அப்பால் இருந்த மத்திய அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் ஆறு வருஷமாகத் தினக்கூலிக்குக் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த மாதக் கடைசியில் நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் வரவேண்டும். அதில் அவள் பெயர் இருக்கிறது என்று எஸ்டாபிளிஷ்மென்ட் ஆபீஸில் பார்த்தவர்களே சொல்லியிருந்தார்கள்.

அது சும்மா கழுவுகிற வேலை இல்லை. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் ஏழு தரம், காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தரம் அலசி, காயவைத்து, காகிதம் சுற்றி, பெரிய பிரஷர் குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் வைத்து எடுக்கவேண்டும். வாயால் உறிஞ்சித் திரவம் எடுக்கும் பிப்பெட் குழாய்களுக்கு வாய்வைக்கும் முனையில் பஞ்சு அடைக்கவேண்டும். எந்தத் தேதியில் எத்தனை பாட்டில், எந்த மாடிக்குப் போயிற்று என்று அவள் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அனந்தராமன் அமெரிக்காவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எலியின் ஈரலில் வந்த கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பாட்டிலில் வளர்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வேலை செய்யும்போது வாய் ஓயாது. பிப்பெட்டை உதட்டில் வைத்துக்கொண்டே பக்கத்தில் நிற்பவருக்குப் பாடம் நடத்துவார். அந்த டிசம்பரில் அவருடைய செல்கள் நலியத் தொடங்கின. பாட்டிலில் இருந்த ரோஸ் நிறத் திரவம் கலங்கவில்லை, பூஞ்சை இல்லை, நாற்றம் இல்லை. பென்சிலினை இரட்டிப்பாகப் போட்டும் செல்கள் சுருங்கிச் சுருங்கிச் செத்தன. மூன்று வாரம் காரணம் தேடியவர், கடைசியில் பாட்டிலில் சோப்பு தங்கியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

“சுத்தமாத்தான் அலம்பினேன்னு சொல்றே இல்லையா? அப்போ குடி” என்றார்.

அவள் குடித்தாள். பாட்டில் காலியானதும் அவர் அதைத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “உனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்கள்ளாம் எந்தத் தண்ணியிலயும் வளர்ந்துடுவேள். என் செல்லு அப்படி இல்லை, தெரிஞ்சுக்கோ.”

யாரோ சிரித்தார்கள். அன்று மதியமே மெமோ வந்தது. மாதக் கடைசியில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இல்லை. எலி, முயல் வளர்க்கிற அனிமல் ஹவுஸுக்கு, அதே தினக்கூலியில், கூண்டு கழுவ அனுப்பிவைத்தார்கள்.

முதல் ஒரு மாதம் அவள் மனதில் ஓடியதெல்லாம் சாதாரணப் பழி. அவர் ஸ்கூட்டரின் டயரைக் கிழிக்கலாம். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி அவர் கை விளங்காமல் போகவேண்டும் என்று வேண்டலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டவும் செய்தாள். இன்னொரு நாள் எலிக்கூண்டைக் கொடுக்க இரண்டாம் மாடிக்குப் போனபோது, செல்களைச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் அறையில் யாருமில்லை. சுவரில் ஸ்விட்ச் இருந்தது. அணைத்துவிட்டுப் போய் மாலையில் வந்து போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. கையை வைத்துவிட்டாள். வைத்த கையை அவளே எடுத்துக்கொண்டாள். இதைச் செய்தால் அவர் சொன்னது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. அவருடைய செல்கள் அவளால் செத்ததாகவே ஆகிவிடும்.

அன்று வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்துப் புரட்டினாள். டிசம்பரில் அவள் கழுவிய பாட்டில்களில் பாதி இரண்டாம் மாடிக்கும் பாதி மூன்றாம் மாடிக்கும் போயிருந்தன. ஒரே தொட்டி, ஒரே சோப்பு, ஒரே ஆட்டோகிளேவ். மூன்றாம் மாடியில் ஒரு செல்கூடச் சாகவில்லை.

மறுநாள் நோட்டோடு போய் அவர் அறை வாசலில் நின்றாள். மேலேயும் இதே பாட்டில்தான் போயிற்று, அங்கே நன்றாகத்தானே வளர்கிறது என்றாள். அவர் நோட்டைப் பார்க்கவில்லை.

“செல்லுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? தெரிஞ்சுண்டு வா. அப்பறம் பேசலாம்.”

தெரிந்துகொண்டுதான் வருவது என்று அவள் தீர்மானித்தது மாடிப்படி இறங்கும்போது.

ஹைதராபாத்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். காலேஜ் வாசலை மிதிக்காதவர்களும் நுழைவுத் தேர்வு எழுதி பட்டப்படிப்பில் சேரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் செகந்திராபாத்தில் வகுப்பு, மற்ற நாட்களில் தபாலில் வரும் பாடப் புத்தகம். அவள் விண்ணப்பத்தை நிரப்புவதைப் பார்த்த சூசைராஜ், “காய்கூ? எதுக்கு இதெல்லாம்? வேலைக்குப் போற, சமைக்கிற, போதாதா?” என்றான். ஒருத்தரிடம் பேசவேண்டியிருக்கிறது, அதற்கு இது வேண்டும் என்றாள். அவனுக்குப் புரிந்தது. அதற்குமேல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு அன்றிலிருந்து அவன் பொறுப்பு.

தெலுங்குப் புத்தகத்தில் செல்லுக்குக் ‘கணம்’ என்று பெயர் போட்டிருந்தது. கண் இமைக்கிற நேரத்துக்கும் அம்மா அதே வார்த்தையைத்தான் சொல்வாள். முதல் இரண்டு மாதம் புத்தகம் அவளை உள்ளேயே விடவில்லை. ஒரு பக்கத்தைப் பத்துத் தரம் படித்தாள். படிக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் அனந்தராமன் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார். செல்லுக்குள் ஒரு பை இருக்கிறது, கிழிந்துபோனதையெல்லாம் அரைத்துச் செரித்துவிடும் என்று படித்தபோது, அதற்குள் அவரைத் தூக்கிப் போட்டுப் பார்த்தாள். அந்தப் பாடம் மறக்கவேயில்லை. அவர்மேல் இருந்த கோபம்தான் அவளுக்கு ட்யூஷன் மாஸ்டர்.

மரபுச் செய்தி செல்லின் நடுவே இருக்கும் கருவுக்குள்ளேயே இருக்கிறது, புரதமோ வெளியே தயாராகிறது, நடுவில் ஒரு நகல் போய்வருகிறது என்ற பாடத்தில் பல நாள் சிக்கிக்கொண்டாள். ஒரு மாலை காபி குடித்துக்கொண்டிருந்த சூசைராஜிடம் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அவன் தம்ளரைக் கீழே வைக்காமலே, “எங்க டிராயிங் ஆபீஸு மாதிரியா?” என்றான். அசல் வரைபடம் ஆபீஸை விட்டு வெளியே வராது. நீலத்தாளில் நகல் எடுத்து ஷாப்புக்கு அனுப்புவார்கள். எண்ணெய்க் கையால் புரட்டிப் புரட்டி அது கிழிந்தால் வேறு நகல் வரும். அசல் அப்படியே இருக்கும். அவள் பென்சிலை எடுத்து டி.என்.ஏ. பக்கத்தின் ஓரத்தில் ‘டிராயிங் ஆபீஸ்’ என்று தமிழில் எழுதினாள். அதன்பிறகு அந்தப் பாடம் வழிவிட்டது.

இரண்டாம் வருஷம் பிராக்டிகல் வகுப்பில், கன்னத்தின் உள்பக்கத்தைத் தீக்குச்சியால் சுரண்டி, நீலச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். தோசைபோல் பரந்த செல்கள், நடுவில் கரு. சுற்றிலும் மணல் தூவியதுபோல ஏதோ இருந்தது. சாயம் சரியாகக் கரையவில்லை என்று நினைத்துக் கேட்டாள். அதெல்லாம் கிருமிகள், எல்லோர் வாயிலும் குடியிருப்பவை, ஒன்றும் செய்யாது என்றார் பாடம் நடத்தியவர். வாய்க்குள் இவ்வளவு பெரிய ஊரா என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாக்கால் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

1985 மழைக்காலத்தில் மூன்றாம் மாடியிலிருந்து ரமா அனிமல் ஹவுஸுக்கு எலி கேட்டு வந்தாள். ரமா ஆராய்ச்சி மாணவி, பி.ஹெச்.இ.எல். டவுன்ஷிப்பில் வளர்ந்த பெண். தமிழில் தொடங்குகிற வாக்கியம் எந்த மொழியில் முடியும் என்று அவளுக்கே தெரியாது. அனந்தராமன் லேபிலிருந்து செல் வாங்கி வளர்த்தாளாம். ஆறு வாரத்தில் அது நலிந்துவிட்டது. பக்கத்துப் பாட்டிலில் இருந்த அவளுடைய சொந்தச் செல்களும் கூடவே நலிகின்றன. திரவம் கலங்கவில்லை, பென்சிலினுக்கும் மசியவில்லை என்று புலம்பினாள்.

லூர்துமேரி கையிலிருந்த கூண்டைக் கீழே வைத்தாள். மூன்றரை வருஷத்துக்கு முன் கேட்ட அதே வார்த்தைகள். இந்தத் தடவை பாட்டில் கழுவியது வேறு ஆள்.

“பென்சிலின் கிருமியோட சுவரத்தானே ஒடைக்குது?” என்று கேட்டாள். “புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. சுவரே இல்லாத கிருமி ஏதாச்சும் இருந்தா அத என்ன பண்ணும்?”

ரமா அவளையே பார்த்தாள். “எழுந்திருங்கக்கா, லைப்ரரிக்குப் போலாம்” என்றாள்.

இருந்தது. மைக்கோபிளாஸ்மா என்று பெயர். சுவர் கிடையாது, அதனால் பென்சிலினுக்குப் பயமில்லை. வடிகட்டியின் துளைக்குள்ளும் புகுந்து போய்விடும். அவ்வளவு சிறியது என்பதால் திரவம் கலங்காது. செல்லோடு ஒட்டிக்கொண்டு அதன் சாப்பாட்டைத் தின்னும். கண்டுபிடிக்க ஒரு வழி, டி.என்.ஏ. இருக்கிற இடம் மட்டும் ஒளிர்கிற சாயத்தைப் போட்டுப் பார்ப்பது. சுத்தமான செல்லில் கரு மட்டும்தான் ஒளிரும்.

சாயம் வர இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் மதிய உணவு இடைவேளையில் ரமா இருட்டறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். குனிந்து பார்த்தாள். கறுப்பில் நீலமாகப் பெரிய பெரிய கருக்கள். ஒவ்வொன்றையும் சுற்றி, ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில், நூறு நூறாக ஒளிப்புள்ளிகள். பார்க்க அழகாக இருந்தது. லூர்துமேரி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அவள் மூச்சு மாறுவதைக் கேட்டு ரமா, “அழறீங்களா அக்கா?” என்றாள். இல்லை என்றாள். உண்மையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது எந்த வகை என்று அறிய வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். டிசம்பரில் பதில் வந்தது. மனிதர்களின் வாயில் குடியிருக்கும் வகை. அதைப் படித்ததும் லூர்துமேரிக்கு இரண்டாம் மாடியிலிருந்து கழுவ வரும் பிப்பெட் தட்டு கண்முன் வந்தது. மற்றவர்களுடைய பிப்பெட்டில் பஞ்சு அப்படியே இருக்கும். அனந்தராமனுடையதில் இருக்காது. பஞ்சு இருந்தால் உறிஞ்ச முடியவில்லை என்று அவர் ஊசியால் நெம்பி எறிந்துவிடுவார். ஆறு வருஷம் தினமும் அவள் மறுபடி மறுபடி அடைத்துக் கொடுத்திருக்கிறாள்.

டைரக்டருக்குக் கடிதம் எழுதிவிடலாம் என்றாள் ரமா. லூர்துமேரி வேண்டாம் என்றாள். கடிதம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார்கள், அவரைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசுவார்கள், காபி கொடுப்பார்கள். மார்ச்சில் ஆண்டுக் கருத்தரங்கு இருக்கிறது, அவர் மேடையில் நிற்பார். “நக்கோ, வேணாம் அக்கா, அது வேற மாதிரி ஆயிடும். வெயிட் பண்ணாதீங்க” என்றாள் ரமா. நான்கு வருஷம் காத்தவளுக்கு இன்னும் மூன்று மாதம் பெரிதில்லை என்றாள் இவள். இருட்டறையில் எடுத்த படத்தின் ஸ்லைடு ஒன்றைக் கேட்டு வாங்கி, பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

கருத்தரங்கு நாளில் ஹாலில் ஸ்லைடு புரொஜெக்டரை இயக்க அனிமல் ஹவுஸிலிருந்து ஓர் ஆளைக் கேட்பது வழக்கம். அந்த வருஷம் அவளே போய்ப் பெயர் கொடுத்தாள். முன்வரிசையில் டைரக்டரும், பம்பாயிலிருந்து வந்த வயதான விஞ்ஞானி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரிவுத் தலைவர் பதவிக்கு அனந்தராமன் பெயர் போயிருந்தது எல்லோருக்கும் தெரியும். அவர் நன்றாகப் பேசினார். முன்பு செத்தவற்றுக்குப் பதில் புதிதாக எடுத்து வளர்த்த தம் செல்கள் மூன்று வருஷமாக ஒரு மருந்துக்கு எப்படி விநோதமாக நடந்துகொள்கின்றன என்று காட்டினார். கடைசி ஸ்லைடு முடிந்து, கைதட்டல் தொடங்கும்போது, லூர்துமேரி பொத்தானை இன்னொரு தரம் அழுத்தினாள்.

திரையில் நீலக் கருக்களும் புள்ளிகளும் வந்தன. கைதட்டல் பாதியில் நின்றது. பம்பாய்க்காரர் முன்னால் சாய்ந்து, இது மைக்கோபிளாஸ்மா ஆயிற்றே, யாருடைய செல் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அனந்தராமன் திரையைப் பார்த்தார். இது தம்முடைய ஸ்லைடே இல்லை, யார் போட்டது என்றார்.

அவள் புரொஜெக்டருக்கு முன்னால் வந்து நின்றாள். அதன் வெளிச்சம் முதுகில் சுட்டது. மனப்பாடம் செய்து வைத்திருந்த நான்கு ஆங்கில வாக்கியங்களை, லாலாகூடா உச்சரிப்பில், ஒன்றுவிடாமல் சொன்னாள். இது இரண்டாம் மாடி ஈரல் செல். வாங்கிய தேதி இன்னது. சாயம் போட்ட தேதி இன்னது. வெளி ஆய்வகத்தின் அறிக்கைப்படி இது மனித வாயில் வாழும் வகை. எந்த வாய் என்று தெரியுமா என்றார் பம்பாய்க்காரர். அதை இந்தச் சோதனை சொல்லாது என்றாள். பிறகு அனந்தராமன் பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள்.

“எச்சில் சார். உங்க பிப்பெட்டுல ஒரு நாளும் பஞ்சு இருந்ததில்ல. அடைச்சுக் கொடுத்தவ நான்.”

ஹாலில் தமிழ் தெரிந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். டீ இடைவேளை முடிவதற்குள் மற்ற எல்லோருக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. நான்கு வருஷமாக அவள் எதிர்பார்த்திருந்த அந்த முகத்தை அவள் பார்த்தாள். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அப்படியொரு சந்தோஷம் அவள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

விசாரணைக் குழு போட்டார்கள். அவருடைய இன்குபேட்டரில் இருந்த அத்தனை பாட்டில்களிலும் புள்ளிகள் இருந்தன. பழைய கட்டுரைகளைத் திரும்பச் சரிபார்க்கவேண்டும் என்று முடிவாயிற்று. பிரிவுத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. 1982-ம் வருஷத்து மெமோவை ரத்து செய்து, அவளை நிரந்தரமாக்கி ஆர்டர் கொடுத்தார்கள். ஆனால் ரமா பதினைந்து நாள் அவளோடு பேசவில்லை. அப்படிச் செய்யவேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லையே என்று வருத்தம்.

ஏப்ரலில் சிவஞானம் அனிமல் ஹவுஸுக்கு வந்தான். அனந்தராமனிடம் மூன்று வருஷமாக ஆராய்ச்சி செய்யும் மாணவன், திருநெல்வேலிப் பக்கம். அவள் தண்ணீர் குடித்ததைப் பார்த்து நின்ற அந்தப் பதினோரு பேரில் அவன் இல்லை. அப்போது அவன் வந்து சேரவேயில்லை. ஜூனில் தீஸிஸ் கொடுக்க இருந்தவன். அத்தனையும் அந்தச் செல்களில் செய்த வேலை. கோபமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்து அவள் நிமிர்ந்து நின்றாள். அவன் கூண்டுகளையே பார்த்தான்.

“நீங்க செஞ்சதத் தப்புன்னு சொல்ல மாட்டேன்க்கா. ஆனா அந்த ஸ்லைடு ஒங்க கையில இருந்த மூணு மாசமும் நான் அந்தச் செல்லுலதான் ராவும் பகலுமா வேல பாத்துக்கிட்டு இருந்தேன். டிசம்பர்லயே சொல்லியிருந்தா மூணு மாசமாச்சும் மிஞ்சியிருக்கும்.”

அவனை அவள் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. எந்தத் தேதிவரை எடுத்த செல் சுத்தமாக இருந்தது என்று கண்டுபிடிக்க உதவுகிறேன் என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அன்று இரவு பழைய நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதையும் அனந்தராமன் கணக்கில் சேர்க்கலாமா என்று முயன்று பார்த்தாள், முழுதாகச் சேரவில்லை.

அனந்தராமன் வந்தது மே மாதத்தில். இளைத்திருந்தார். கதவருகே நின்று, தொண்டையைச் செருமி, “என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே, மேரி” என்றார்.

“வந்தேன் சார். நோட்டோட வந்து நின்னேன். செல்லுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வரச் சொன்னீங்க. கொஞ்சம் நாளாயிடுச்சு.”

அந்தத் தண்ணீர் விஷயம் தப்புதான் என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவர் போனபிறகு மீதி இருந்த பதினான்கு கூண்டுகளைக் கழுவி முடித்தாள்.

அந்த வருஷக் கடைசியில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறையை ஒதுக்கினார்கள். எந்த லேபில் புதிதாகச் செல் வந்தாலும் முதலில் அங்கே மூன்று வாரம் தனியாக வைத்து, சாயம் போட்டுப் பார்த்து, கையெழுத்து ஆன பிறகுதான் உள்ளே போகலாம். பார்ப்பதும் கையெழுத்துப் போடுவதும் லூர்துமேரி. பிப்பெட்டுகளுக்கு ரப்பர் பல்பு வந்துவிட்டது. யாரும் வாய் வைப்பதில்லை. ரமா மறுபடி பேசத் தொடங்கியிருந்தாள். சிவஞானம் புதுச் செல்களில் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான்.

ஜனவரியில் அனந்தராமன் பெயர் எழுதிய பாட்டில் வந்தது. மூன்று வாரத்தை ஒரு நாள்கூடக் குறைக்காமல் வைத்திருந்தாள். சாயம் போட்டு இருட்டறைக்குக் கொண்டுபோனாள். கருக்கள் ஒளிர்ந்தன. சுற்றிலும் கறுப்பு. கண்ணாடியை நகர்த்தி வேறு இடம் பார்த்தாள், அங்கேயும் கறுப்பு. ஒரு புள்ளியாவது இருக்காதா என்று மனம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், வேறு துண்டு எடுத்துப் புதிதாகச் சாயம் போட்டுப் பார்த்தாள், ஏறக்குறைய ஒரு மணி நேரம் தேடினாள். ஒன்றுமில்லை. சுத்தமான, கொழுத்த, நல்ல செல்கள்.

விளக்கைப் போட்டு ரிஜிஸ்டரை எடுத்தாள். பேனா சிறிது நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. பிறகு ‘தொற்று இல்லை’ என்று எழுதி, தேதி போட்டு, முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டாள்.